10-க்கு 12 அடி ரூமில் பில்ட்-இன் ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கருக்கு முன்னாடி சுவரைப் பாருங்க

2பிஹெச்கே ஃபிளாட்டில் இரண்டாவது பெட்ரூமுக்கு ஒரே ஒரு வேலை கிடையாது. காலையில் அது ஆபீஸ். சாயங்காலம் குழந்தை விளையாடும் இடம். ஊரிலிருந்து அம்மா வந்தால் அவர் தூங்கும் அறை. சனிக்கிழமை ராத்திரி அங்கேயே படமும் பார்க்கணும், ஆனால் ஸ்பீக்கர் கண்ணில் படக் கூடாது, வயர் தரையில் ஓடக் கூடாது. இன்டீரியர் வேலை நடக்கும்போது இந்த ஆசையைச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஃபால்ஸ் சீலிங்கில் ஆறு ஸ்பீக்கர் போட்டுடலாம்" என்பதுதான்.

அங்கே கொஞ்சம் நில்லுங்க. ஸ்டாண்டில் இருக்கும் ஸ்பீக்கர் தவறான இடத்தில் இருந்தால் நகர்த்தலாம். சீலிங்கில் எட்டு இன்ச் வட்டம் வெட்டிய பிறகு நகர்த்த முடியாது. பில்ட்-இன் என்பது அதனால் ஆடியோ கடையில் எடுக்கும் முடிவு அல்ல; கார்பென்டரும் எலெக்ட்ரீஷியனும் வேலையைத் தொடங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு.

(வாடகை வீடா? பில்ட்-இன் யோசனையே வேண்டாம். ஒரு நல்ல சவுண்ட்பாரும் தனி சப்வூஃபரும் அடுத்த வீட்டுக்கும் உங்களோடு வரும்.)

சுவருக்குள் இடம் இருக்கா?

இன்-வால் ஸ்பீக்கர் என்பதே அமெரிக்க வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பொருள். அங்கே பல வீடுகளின் உள்சுவர், மரச்சட்டத்தின் இரு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்தது. நடுவில் சுமார் மூன்றரை இன்ச் வெற்றிடம் இருக்கும், ஸ்பீக்கர் அதில் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் சுவரில் அந்த வெற்றிடமே கிடையாது. செங்கல், ஏஏசி பிளாக், அல்லது கான்கிரீட். நான்கு இன்ச் தடுப்புச் சுவரில் மூன்றரை இன்ச் தோண்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

பெங்களூரு, புனே, குருகிராம் பக்கம் எழும் பல புது டவர்களில் இன்னொரு சிக்கல். மிவான் என்று சொல்லப்படும் அலுமினிய அச்சு முறையில் சுவர்களும் கான்கிரீட்டாகவே வார்க்கப்படுகின்றன. அவற்றில் பல, கட்டடத்தின் எடையைத் தாங்குபவை. வயர் பைப்புக்காக அதில் காடி வெட்டுவதுகூட ஆபத்து. வெட்டும் முன் பில்டரிடமும் சொசைட்டியிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்க.

வழி என்ன? டிவி சுவருக்கு எப்படியும் ப்ளைவுட் பேனல் அடிக்கத்தான் போகிறீர்கள். அதை ஒரு இன்ச்சுக்குப் பதில் ஐந்து இன்ச் முன்னால் கொண்டுவந்தால், இன்-வால் ஸ்பீக்கருக்குத் தேவையான வெற்றிடம் கிடைத்துவிடும். ஹெச்டிஎம்ஐ, பவர், செட்-டாப் பாக்ஸ் வயர் எல்லாமும் அதற்குள்ளேயே போகும். சுவரில் ஒரு கீறல் விழாது. பேனலுக்கு உள்சட்டம் நெருக்கமாக இருக்கட்டும், வெற்றிடத்தில் ராக்வூல் அடைக்கட்டும்; இல்லாவிட்டால் சண்டைக் காட்சியில் பேனலே தாளம் போடும். எந்தச் சுவர் என்பதில் தேர்வு இருந்தால், பக்கத்து ஃபிளாட்டோடு பகிராத வெளிச்சுவரை எடுங்க.

முன்னால் மூன்று, காது உயரத்தில்

படத்தின் வசனத்தில் பெரும்பகுதி வருவது நடு ஸ்பீக்கரில்தான். "பின்னணி இசை காதைக் கிழிக்குது, பேசுறது கேக்கல" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதைச் சீலிங்கில் வைத்தால், உதடு திரையில் அசையும், குரல் உச்சந்தலைக்கு மேலிருந்து வரும். உட்கார்ந்தால் நம் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருக்கும். முன் ஸ்பீக்கர் மூன்றும் அந்த உயரத்தை ஒட்டி, டிவி பேனலில் இருக்கணும்.

இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு டால்பி தரும் கோணம், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரி. டிவி 10 அடிச் சுவரில், நீங்கள் எட்டு அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையே சுமார் ஆறரை அடி முதல் ஒன்பது அடி வரை வருகிறது. ஒன்பது அடி என்றால் மூலையில் போய் முட்டும். ஏழு அடி போதும்.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். 87 டெசிபல் சென்சிடிவிட்டி என்று போட்ட ஸ்பீக்கர், ஒரு மீட்டர் தூரத்தில் ஒரே வாட்டில் அந்தச் சத்தம் தரும். எட்டு அடியில் அது ஏறக்குறைய 79 ஆகும். 16 வாட் கொடுத்தால் 91. ஃபிளாட்டுக்கு அதுவே அதிகம். 50 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல்.

பின்னால் வரும் சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்குச் சற்றுப் பின்னே, 110 முதல் 120 டிகிரியில் இருக்க வேண்டும். ஆனால் நம் சோபா-கம்-பெட் பின்சுவரை ஒட்டித்தானே கிடக்கும்? ஒன்றரை அடி முன்னால் இழுக்க முடிந்தால் இழுங்க. சுவரை ஒட்டிய இடத்தில் பேஸ் எப்போதும் குமுறும். முடியாவிட்டால் பக்கச் சுவரில் சின்னதாக பிராக்கெட் ஸ்பீக்கர். ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் வார்ட்ரோப் என்றால் மட்டும் சரவுண்ட் இரண்டையும் சீலிங்கில் போடலாம், அது பெரிய குற்றமில்லை. ஆனால் அப்படிப் போட்ட பிறகு கூடவே அட்மாஸுக்கு இன்னும் இரண்டு வாங்குவது வீண். எல்லாமே மேலிருந்து வந்தால் எது மேலே, எது பின்னால் என்று காதுக்கு எப்படித் தெரியும்?

சீலிங்கில் துளை போடும் முன் மூன்று அளவு தேவை: ஸ்பீக்கரின் ஆழம் (வழக்கமாக மூன்றரை, நான்கு இன்ச்), ஃபால்ஸ் சீலிங்கின் இறக்கம், ஃபேன் இறக்கையின் வட்டம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கீழ் வீட்டுக்காரர் கேட்பது என்ன?

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தனியார் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. இதில் ஒரு ஓட்டை உண்டு. இந்த அளவு 'ஏ' எடையில் எடுக்கப்படுகிறது. மனிதக் காதின் போக்கைப் பின்பற்றி, 50 ஹெர்ட்ஸ் பேஸில் சுமார் 30 டெசிபலை அது கழித்துவிடும். மீட்டர் சும்மா இருக்கும், கீழ் வீட்டில் குழந்தை முழித்துக்கொள்ளும்.

சின்ன ரூம் இதை இன்னும் மோசமாக்குகிறது. சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் வீங்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56. குண்டு வெடிப்பும் டிரம்ஸும் குடியிருக்கும் இடமே அதுதான். ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஆட்டோ கேலிப்ரேஷன் ஓட்டினால் வீக்கம் ஓரளவு அடங்கும்.

அதனால் சப்வூஃபரை மட்டும் பில்ட்-இன் செய்யாதீங்க. அதற்குச் சரியான இடம் ரூமுக்கு ரூம் மாறும். கண்டுபிடிக்கும் முறை வேடிக்கையானது: சப்பைத் தூக்கி சோபாவில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்க. எங்கே பேஸ் குமுறாமல் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே சப்பை வையுங்க. அடியில் ரப்பர் பேட் போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவது குறையாது. பத்து மணிக்கு மேல் ரிசீவரில் 'நைட் மோட்' போட்டு, சப்பின் அளவைக் குறைப்பதுதான் நடைமுறை.

வயர்: இப்போதே, கொஞ்சம் அதிகமாகவே

ஸ்பீக்கர் அடுத்த தீபாவளிக்கு வாங்கினாலும் பரவாயில்லை, பைப் இன்றே போட்டுவிடுங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த ரூமில் 1.5 சதுர மிமீ செம்பு வயர் தாராளம். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பார்கள். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். கரன்ட் வயரோடு ஒரே பைப்பில் விடாதீங்க. ஹெச்டிஎம்ஐக்கு வழக்கமான 25 மிமீ பைப் போதாது, வளைவில் கேபிளின் தலை மாட்டிக்கொள்ளும். 40 மிமீ கேளுங்க. டிவியிலும் ரிசீவரிலும் இஆர்க் போர்ட் இருக்கிறதா என்று பாருங்க. ரிசீவர் வைக்கும் தட்டின் பின்பக்கம் திறந்திருக்கட்டும், அது நன்றாகவே சூடாகும்.

ஜிப்சம் போர்டும் ப்ளைவுட்டும் மூடும் நாளுக்கு முந்தின நாள் சைட்டுக்கு நீங்களே போங்க. ஒவ்வொரு பைப்புக்குப் பக்கத்திலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து போட்டோ எடுத்து, வயர் நுனியில் எது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிவிட்டு வாங்க.