மருத்துவ அலுவலகக் கட்டடங்களுக்கான இணைய விளம்பரம் (அமெரிக்கா)

அமெரிக்காவில் மருத்துவர்கள் கிளினிக் நடத்துவதற்கென்றே கட்டப்பட்ட இடங்களை வாடகைக்கோ விலைக்கோ விட நினைப்பவர்கள், தேடுபொறி, மனைத் தளங்கள், தொழில்முறைச் சமூக வலைத்தளங்கள், மின்னஞ்சல் ஆகியவற்றின் வழியே மருத்துவர்களை எட்டும் முறை இது. ஒரு நகரில் அத்தகைய இடம் தேவைப்படும் மருத்துவர்கள் எந்த நேரத்திலும் சிலரே இருப்பார்கள். அதனால் மற்றக் கடைச்சரக்குகளுக்குப் பொருந்தும் விளம்பரக் கணக்கு இதற்குப் பொருந்துவதில்லை. வேண்டாதவர்களை விலக்குவதிலேயே பாதி வேலை அடங்கிவிடுகிறது.

இக்கட்டடங்கள் பெரும்பாலும் மருத்துவமனை வளாகத்திலோ அதன் அருகிலோ இருக்கும். சிலவற்றுக்கு மருத்துவமனையே உரிமையாளர். பலவற்றை மனை முதலீட்டு அறக்கட்டளைகள் வைத்திருக்கின்றன. நாஷ்வில்லில் 1992-இல் தொடங்கிய ஹெல்த்கேர் ரியால்டி அவற்றுள் ஒன்று. சாதாரண அலுவலகத்தில் கழிப்பறைப் பக்கம் மட்டும் தண்ணீர்க் குழாய் ஓடினால் போதும். இங்கே பரிசோதனை அறைகளில் கைகழுவும் தொட்டி வேண்டும். எக்ஸ்ரே அறையின் சுவருக்குப் பெரும்பாலும் ஈயத் தகடு தேவைப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், கதவைத் திறந்தால் 32 அங்குல இடைவெளியாவது கிடைக்க வேண்டும் என்கின்றன. நோயாளிகள் வந்து போய்க்கொண்டே இருப்பதால் வண்டி நிறுத்த இடமும் கூடுதலாக வேண்டும். இவ்வளவையும் செய்து குடியேறிய மருத்துவர் எளிதில் இடம் மாறமாட்டார். ஒப்பந்தங்கள் ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் போடப்படுவது சகஜம். அது முடிவதற்கு ஓராண்டுக்கும் முன்பே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குவார்கள். விளம்பரம் அந்தக் குறுகிய காலத்தில் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

தரகரின் தொலைபேசி, தபாலில் வரும் அட்டை, கட்டடத்தின் மேல் தொங்கும் பலகை இவையே முன்பு வழி. 1995-இல் தோன்றிய லூப்நெட் வணிக மனைகளை இணையத்தில் பட்டியலிட்டது; 2012-இல் கோஸ்டார் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. கூகுளின் தேடல் விளம்பரச் சேவை 2000-இல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் வந்து, 2018-இல் கூகுள் ஆட்ஸ் ஆனது.

தேடல் விளம்பரத்தில்தான் பணம் அதிகம் கரைகிறது. ‘மெடிக்கல் ஆபீஸ்’ என்ற தேடுசொல்லை மட்டும் ஏலத்தில் எடுத்தவருக்கு வரும் கிளிக்குகளைப் பார்த்தால் காரணம் புரியும். ‘மெடிக்கல் ஆபீஸ் அசிஸ்டென்ட்’ வேலை தேடுபவர், அந்தப் படிப்புக்குக் கல்லூரி தேடுபவர், வீட்டருகே மருத்துவரைத் தேடும் நோயாளி, கிளினிக்குக்கு நாற்காலி வாங்க வந்தவர் என்று பலரும் அதே இரு சொற்களைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். வேலை, சம்பளம், படிப்பு, மேசை நாற்காலி போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து, ‘வாடகைக்கு’, ‘குத்தகைக்கு’ என்பவற்றோடு ஊர்ப்பெயரும் சேர்ந்த தேடல்களை மட்டும் வைத்துக்கொள்வதே தேர்ந்தவர் முறை. எந்தத் தேடலுக்கு விளம்பரம் தோன்றியது என்ற அறிக்கையை வாரந்தோறும் படிக்காமல் இந்தப் பட்டியல் முழுமை பெறாது.

மருத்துவமனையைச் சுற்றிச் சில மைல் வட்டத்துக்குள் மட்டும் விளம்பரத்தைக் காட்டச் சொல்லலாம். சிக்கனம்தான், ஆனால் வேறு நகரிலிருந்து இங்கே கிளினிக் தொடங்க வரவிருக்கும் மருத்துவரை அது தவறவிடும்.

லிங்க்டுஇன் தளத்தில் பதவி, துறை, ஊர் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் தேர்வில் 300 உறுப்பினராவது தேறாவிட்டால் விளம்பரம் ஓடாது. சிற்றூர் ஒன்றின் இதய மருத்துவர்களை மட்டும் குறிவைப்பவருக்கு இந்த வாசல் அடைபட்டுவிடும். 2010-இல் தொடங்கிய டாக்ஸிமிட்டி, மருத்துவத் தொழிலினருக்கென்றே உள்ள வலைத்தளம். இவை தவிர, மருத்துவர் ஒவ்வொருவருக்கும் நடுவண் அரசு தரும் பத்து இலக்க அடையாள எண்ணின் பதிவேடு பொதுவில் கிடைக்கிறது. அதில் துறையும் கிளினிக் முகவரியும் உண்டு. முகவரிப் பட்டியல்களுக்கு அது நல்ல அடிப்படை. வணிக மின்னஞ்சல்களுக்கு 2003-ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம் பொருந்தும்: அனுப்புபவரின் தபால் முகவரி இடம்பெற வேண்டும், வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும்.

விளம்பர வாசகத்தை எழுதுபவர்கள் போதிய கவனம் தராத இடம் சட்டம். மருத்துவமனையின் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், அதே மருத்துவமனைக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவராகவும் இருப்பார். குறைந்த வாடகை அங்கே மறைமுகக் கையூட்டாகிவிடலாம். 1972-இல் வந்த கையூட்டுத் தடைச் சட்டமும், 1989-இல் காங்கிரஸ் உறுப்பினர் பீட் ஸ்டார்க்கின் முயற்சியால் வந்து அவர் பெயராலேயே வழங்கும் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. பின்னதை மீறியதாக முடிவு செய்யத் தீய எண்ணம் இருந்ததென்று நிறுவ வேண்டியதில்லை. வாடகைக்கு அது தரும் விலக்கைப் பெற, ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தோடு, ஓராண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொகை முன்கூட்டியே சந்தை மதிப்பில் முடிவாக வேண்டும். அனுப்பும் நோயாளிகளின் எண்ணிக்கை அதைத் தொடக்கூடாது. எனவே ‘முதல் ஆறு மாதம் வாடகை இல்லை’ என்று சாதாரண அலுவலகங்களுக்குத் தாராளமாக எழுதும் வரியை, மருத்துவமனை உரிமையாளராக இருக்கும் கட்டடத்துக்கு வழக்கறிஞர் பார்க்காமல் வெளியிடக்கூடாது.

முடிவெடுப்பவரும் மாறிக்கொண்டிருக்கிறார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணிப்பின்படி, மருத்துவர்களே உரிமையாளர்களான தனியார் கிளினிக்குகளில் பணியாற்றியோர் 2012-இல் 60.1 விழுக்காடு, 2024-இல் 42.2 விழுக்காடு. மற்றவர்களுக்கு இடம் பார்ப்பது பெரும்பாலும் மருத்துவமனைக் குழுமத்தின் மனைப் பிரிவோ கிளினிக் மேலாளரோதான். கிளிக் செய்து வரும் அவருக்குப் பளபளப்பான முகப்புப் படம் உதவாது. தள வரைபடம், சதுர அடி, குழாய் ஓடும் பாதை, மின்சுமை, வண்டி நிறுத்த இடங்களின் எண்ணிக்கை ஆகியவை ஒரே கோப்பாகப் பதிவிறக்கக் கிடைத்தால்தான், அவர் அதைத் தன் கூட்டத்தில் மற்றவர்கள் முன் வைக்க முடியும்.