வட்டத்தொட்டி

வட்டத்தொட்டி என்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் (1882–1954) வீட்டில் 1920களில் தொடங்கிய இலக்கியக் கூட்டம். வீட்டின் உள்முற்றத்தில் வட்டமாக அமைந்திருந்த தொட்டிக்கட்டில் நண்பர்கள் ஞாயிறுதோறும் மாலையில் கூடிக் கவிதை படித்தார்கள். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று. டி.கே.சி. பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறியபோது கூட்டமும் அங்கே சென்றது. இன்று ஊர்தோறும் நடக்கும் வாசகர் வட்டங்களுக்கு முன்னோடி தேடுவோர் பெரும்பாலும் இந்தத் தொட்டிக்கட்டில்தான் வந்து நிற்கிறார்கள்.

பின்புலம்

தமிழ் படிக்கச் சங்கம் வைப்பது அக்காலத்தில் புதிதல்ல. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்திற்கு நூலகம் இருந்தது, அச்சகம் இருந்தது, ‘செந்தமிழ்’ என்ற இதழ் இருந்தது. அது தேர்வுகளும் நடத்தியது. தென்மாவட்டங்களில் சைவ சபைகள் ஆண்டு விழா எடுத்துச் சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தன. இவற்றில் பேசுவோர் புலவர்; கேட்போர் கேட்டுவிட்டுப் போவர்.

வட்டத்தொட்டிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. சந்தா இல்லை, தலைவர் செயலாளர் இல்லை, நடவடிக்கைக் குறிப்பேடும் இல்லை. வந்தவர்களில் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். வக்கீல்களும் அரசு அலுவலர்களும் ஆங்கிலம் கற்ற பட்டதாரிகளும் வந்தார்கள். பள்ளியில் ஆங்கிலக் கவிதையை ரசிக்கவும் தமிழ்ச் செய்யுளைப் பதம் பிரித்து மனப்பாடம் செய்யவும் பழக்கப்பட்ட தலைமுறை அது. டி.கே.சி.யும் சட்டம் படித்தவரே; வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் அதிகம் ஒட்டவில்லை. 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகப் பணியாற்றினார். அப்பதவியால் திருநெல்வேலிக்கு வெளியேயும் அவருடைய நண்பர் வட்டம் விரிந்தது.

கூடிய முறை

இன்றைய வாசகர் வட்டத்தில் உறுப்பினர் புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு வந்து பேசுகிறார். வட்டத்தொட்டியில் படிப்பதே அங்கேதான் நடந்தது, அதுவும் வாய்விட்டு. டி.கே.சி. முதலில் பாட்டின் சூழ்நிலையை நாடகக் காட்சிபோல் விரிப்பார். யார் நிற்கிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், மனத்தில் என்ன தாங்கல் என்பதெல்லாம் தெளிவான பிறகே பாட்டு வரும். ஓர் அடியைச் சொல்லி நிறுத்துவார், மறுபடி சொல்வார், ஒரு சொல்லில் தங்குவார். இப்படி ஒரே பாட்டில் நெடுநேரம் போவது உண்டு. இலக்கணக் குறிப்பும் உரையாசிரியர் மேற்கோளும் அங்கே பெரும்பாலும் வருவதில்லை. சீர்களைப் பொருளுக்கும் ஓசைக்கும் ஏற்பப் பிரித்து அச்சிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் இந்தப் பழக்கத்தின் நீட்சியே. அந்த அச்சைப் பார்த்து வாசிப்பவர் எங்கே மூச்சு விடவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

கம்பராமாயணமே நடுநாயகம். ஆனால் முத்தொள்ளாயிரம், குற்றாலக் குறவஞ்சி, தனிப்பாடல்கள், பாரதி, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்று பட்டியல் நீளும். கவிமணியின் பெயர் நாஞ்சில் நாட்டுக்கு வெளியே பரவியதில் டி.கே.சி.க்குப் பெரும் பங்குண்டு. பண்டைக் காவியத்தையும் வாழும் கவிஞரையும் ஒரே பாயில் உட்கார வைத்தது அக்காலத்தில் சிறிய காரியம் அல்ல.

விருந்தைச் சொல்லாமல் வட்டத்தொட்டி வரலாறு முடியாது. நெல்லைச் சீமைக்குரிய உபசாரத்தை எழுதாத நினைவுக் கட்டுரை இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அக்கட்டுரைகளில் கேட்டு ரசித்தவர்களாக வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. இத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாறிய பெண்களின் காதில் பாட்டு எவ்வளவு விழுந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வந்தவர்கள்

தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், பி. ஸ்ரீ., அ. சீனிவாசராகவன், நீதிபதி எஸ். மகராஜன், மீ. ப. சோமு, வித்வான் ல. சண்முகசுந்தரம் ஆகியோர் டி.கே.சி.யின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கல்கியும் ராஜாஜியும் நெருங்கிய நண்பர்கள். பி. ஸ்ரீ., சீனிவாசராகவன், சோமு, கல்கி, ராஜாஜி ஐவருமே பின்னர் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார்கள். கல்கிக்கு அது மறைவுக்குப் பின் கிடைத்தது. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த்துறையில் பணியாற்றி மாவட்ட ஆட்சியர் ஆனவர்; தஞ்சைக் கலைக்கூடம் அவர் முயற்சியால் உருவானது. சிலையையும் அவர் பாட்டைப்போலவே நின்று ரசித்து எழுதினார். மகராஜன் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தைத் தமிழாக்கினார்; கம்பனையும் வள்ளுவரையும் பற்றிச் சாகித்திய அக்காதெமிக்காக ஆங்கிலத்தில் எழுதினார். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இளைஞர்களாக டி.கே.சி.யின் ஈர்ப்புக்கு உள்ளானவர்கள்.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிக் கம்பன் விழா எடுத்தார். அங்கே டி.கே.சி. முக்கியமானவராக விளங்கினார். ஒரு முற்றத்தில் சில பேருக்கு முன் நடந்தது இப்போது பந்தலுக்கு வந்தது. காரைக்குடி விழா பட்டிமன்றம் முதலிய வடிவங்களையும் வளர்த்து வேறு பாதையில் சென்றது என்றாலும், கம்பன் பாட்டைப் பொதுமக்கள் காதால் கேட்டுச் சுவைக்க முடியும் என்ற நம்பிக்கை தொட்டிக்கட்டிலிருந்து வந்ததே.

அந்த நம்பிக்கைக்கு அப்போது தேவையும் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் கம்பராமாயணத்தைக் கடுமையாக எதிர்த்த காலம் அது. 1943இல் அண்ணாதுரை சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் நடத்திய சொற்போர்கள் புகழ்பெற்றவை. கம்பனுக்காக வாதாடிய இருவரும் நெல்லைச் சீமைக்காரர்கள் என்பது கவனிக்கத்தக்கது. டி.கே.சி.யின் வழி வாதம் அல்ல. பாட்டைச் சொல்லிக் காட்டுவதே அவருடைய வழி. கடவுட்கதை என்ற நிலையிலிருந்து கவிதை என்ற நிலைக்குக் கம்பனைக் கொண்டுவந்ததில் அது சொற்போரைவிடக் கூடுதலாகவே சாதித்தது.

பாடம் பற்றிய பூசல்

வட்டத்தொட்டியின் பெருமையும் அதன் மீதான குற்றச்சாட்டும் ஒரே இடத்திலிருந்து, அதாவது செவியிலிருந்து, பிறந்தவை.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. அவற்றில் பிற்காலத்தார் செருகியவை உண்டு என்பதைப் பழைய புலவர்களே ஒப்புக்கொண்டு, அவற்றை ‘வெள்ளிப் பாடல்கள்’ என்று ஒதுக்கினார்கள். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஆகவே பிழை புகுவது எளிது, அதைக் கண்டுபிடிக்கக் கவிதைக் காது வேண்டும் என்பதும் உண்மை.

டி.கே.சி. இதற்கும் அப்பால் சென்றார். ஓசையும் உணர்ச்சியும் ஒத்துவராத பாடல் கம்பருடையதாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்துப் பெரும்பகுதியைத் தள்ளினார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சொற்களை மாற்றினார். சுவடிச் சான்று தேடவில்லை; எது வழங்கும் பாடம், எது தம் திருத்தம் என்று பிரித்துக் காட்டும் முறையையும் கைக்கொள்ளவில்லை. அவருடைய கம்பர் கட்டுரைகள் ‘கல்கி’ இதழில் வந்து, திருத்திய பாடங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றபோது புலவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஒரு பாடபேதத்துக்காக ஊர் ஊராக அலைந்து கற்பித்த ஒழுக்கம் இதனால் கைவிடப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதம் நியாயமானது. நண்பர்கள் கூடிய முற்றத்தில் ஒருவர் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் கேட்பவர்கள் தலையசைப்பார்கள். மறுத்துப் பேசும் கடமை யாருக்கும் இல்லை. குறிப்பேடு வைக்காத கூட்டத்தில், யாராவது மறுத்திருந்தாலும் அது நமக்கு வந்து சேராது. கிடைப்பதெல்லாம் அன்பர்கள் எழுதியவையும் டி.கே.சி.யின் கடிதங்களும்தான்.

ஆனால் முத்தொள்ளாயிரத்தைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அந்நூலின் வெண்பாக்கள் ‘புறத்திரட்டு’ என்ற தொகைநூல் வழியாகவே பிழைத்தன. அதை முறையாகப் பதிப்பித்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை, அவரும் நெல்லைக்காரர், சுவடிச் சான்றையே அளவுகோலாகக் கொண்டவர். அவ்வெண்பாக்களுக்கு விளக்கம் எழுதிப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தவர் டி.கே.சி. பதிப்பாசிரியர் இல்லையென்றால் பாட்டே இல்லை. ரசிகர் இல்லையென்றால் அது புலவர் அலமாரியிலேயே இருந்திருக்கும். வட்டத்தொட்டியின் ஈர்ப்பில் வளர்ந்த அழகிரிசாமி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவர் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை ஆராய்ந்து பதிப்பித்தார். கம்பராமாயணப் பதிப்பிலும் உழைத்தார்.

குற்றாலத்துக்குப் பின்

1940களில் குற்றாலமே டி.கே.சி.யின் இருப்பிடம். சாரல் காலத்தில் அருவிக்கு வருவோர் அவர் வீட்டுக்கும் வந்தார்கள். ‘குற்றால முனிவர்’ என்ற பெயர் அப்போது நிலைத்தது. தமிழிசை இயக்கத்துக்கு அவர் ஆதரவாக நின்றதும் இக்காலத்தில்தான்.

1954 பிப்ரவரி 16 அன்று அவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் காலமானார்கள். தொண்டைமான் தம் கோயில் கட்டுரைகளிலும் மகராஜன் தம் சொற்பொழிவுகளிலும் அந்த ஞாயிறு மாலைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. தொட்டிக்கட்டில் அவர் எப்படிப் பேசியிருப்பார் என்பதை அறிய விரும்புவோருக்கு இன்று எஞ்சியிருக்கும் மிக நெருங்கிய சான்று அக்கடிதங்களின் பேச்சு நடையே.