கெண்டைக்கால் தசையும் மின்தூண்டலும்: ஆரணித் தறிக்குழியை முன்வைத்து

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் பட்டு நெய்யும் குழித்தறி, காலுக்கு ஓயாத வேலை தரும் கருவி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கி, கை நாடாவை ஓட்ட ஓட்ட, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தம் கீழே தேங்கும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளில் நிற்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி இறங்கவிடுவதில்லை. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம், நடந்தால் அது 30-க்கும் கீழே இறங்கும். விசைத்தறிக்கு மாறியவர் மணிக்கணக்கில் நின்று இழை அறுகிறதா என்று கண்காணிக்கிறார். மிதிக்க வேண்டியதில்லை என்பதால் இந்தத் தசைக்கும் வேலை குறைந்துபோகிறது.

காலுக்கு மின்சாரத்தால் சிகிச்சை தரலாம் என்ற எண்ணம் பழையது. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதக்காரரின் பாதத்தின் கீழ் மின்சார மீனை வைக்கச் சொன்னார். நோக்கம் வலியை மரக்கச் செய்வது; ரத்த ஓட்டம் அவர் கருத்தில் இல்லை. 1791-இல் இத்தாலிய ஆய்வாளர் கால்வானி வெளியிட்ட தவளைக்கால் ஆய்வு, தசைச் சுருக்கத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. 1855-இல் பிரெஞ்சு மருத்துவர் தூஷேன், தோலின் மேல் மின்முனை வைத்துத் தனித்தனித் தசைகளைச் சுருங்கவைக்கும் முறையை நூலாக எழுதினார்.

ரத்த ஓட்டத்தோடு இது உறுதியாக இணைந்தது அறுவை அரங்கில்தான். மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் கெண்டைக்கால் தளர்ந்துவிடுகிறது. தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம். 1964-இல் அறுவை மருத்துவர் டோரனும் சகாக்களும், அறுவையின்போது கெண்டைக்காலை மின்துடிப்பால் சுருங்கவைத்து இந்தத் தேக்கத்தைக் குறைக்கும் எளிய வழியை எழுதினார்கள். 1970-இல் மருத்துவர்கள் பிரவுஸும் நீகஸும் செய்த சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது: ஒரே நோயாளியின் ஒரு காலுக்கு மின்தூண்டல், மறு கால் ஒப்பீட்டுக்கு. தூண்டாத கால்களில் 20.9 விழுக்காட்டில் ரத்த உறைவு. தூண்டிய கால்களில் 8.2.

இவ்வளவு நல்ல முடிவுக்குப் பிறகும் முறை பரவவில்லை. தசையைச் சுருக்கப் போதுமான மின்னோட்டம் விழித்திருப்பவருக்கு வலிக்கும். ஆகவே மயக்கம் தெளிந்ததும் நிறுத்த வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடக்கும் நாட்களிலும் ஆபத்து தொடர்ந்ததே! 1975-இல் மருத்துவர் விஜய் கக்கர் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு, ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் குறைந்த அளவில் ஊசியாகப் போடுவதன் பயனைக் காட்டியதும் மருத்துவ உலகம் மருந்தின் பக்கம் திரும்பியது.

இந்த வலிக்குத் தீர்வு, தசையை விட்டு நரம்பைத் தூண்டத் தொடங்கியபோது வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தோலுக்கு அருகே ஓடும் நரம்பைத் தூண்டினால், மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே கால் தசைகள் சுருங்கும். விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் 'கெகோ' கருவியை, ரத்த உறைவு ஆபத்து அதிகமிருந்தும் மருந்தோ பிற இயந்திர வழிகளோ ஒத்துவராதவர்களுக்குப் பயன்படுத்தலாம் என 2014-இல், பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. பரிந்துரையின் எல்லை அவ்வளவுதான். கால் வலிக்கும் எவருக்கும் ஏற்றது என்று அது சொல்லவில்லை.

ஆரணிப் பகுதியில் பலர் பிசியோதெரபியை 'கரண்ட் வைப்பது' என்றே சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில், கடையில் கிடைக்கும் மின்துடிப்புக் கால்தட்டை வாங்கிவிடுவதில் எனக்குக் கவலை உண்டு. சர்க்கரை நோயால் உணர்வு குறைந்த பாதத்தில் மின்முனை சுட்டாலும் தெரியாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், காலில் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவருக்கும் ஆபத்து. நடக்கக்கூடிய நெசவாளருக்கு, வேலைக்கு நடுவே எழுந்து நடப்பதும் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் அதே தசையைச் சுருக்குகின்றன. மின்தூண்டலின் உண்மையான இடம், பக்கவாதத்தாலோ அறுவையாலோ அப்படி அசைய முடியாதவரின் படுக்கையருகே, மருத்துவரின் கண்காணிப்பில்.