நான்காம் ஃபாரத்திலிருந்து ஆர்ட்ஸ் குரூப் வரை: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் சமூக அறிவியல் பாடத்தின் வரலாறு

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் வேலூர் வட்டாரம் மூன்று இடங்களில் வருகிறது. வரலாற்றுப் பகுதியில், 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் வெடித்த புரட்சி. புவியியல் பகுதியில், பாலாறும் பொன்னை, மலட்டாறு, கவுண்டின்ய நதி முதலிய துணையாறுகளும். பொருளியல் பகுதியில், தொழில்துறைத் தொகுப்புகளைப் பற்றிய பாடத்தில் வேலூரைச் சுற்றிய ஊர்களின் தோல் தொழில். பேரணாம்பட்டிலோ குடியாத்தத்திலோ படிக்கும் ஒரு மாணவிக்கு இம்மூன்றும் தான் வளர்ந்த மண்ணின் கதை. நூலில் அவை வெவ்வேறு அலகுகள். ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்று நினைவுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை.

வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றை ஒரே பாடமாகச் சேர்த்தவர்கள் இந்தப் பிளவைப் போக்கவே சேர்த்தார்கள். பிறகு வந்த சீர்திருத்தங்கள் அந்தச் சேர்க்கையின் வெளிவடிவத்தைக் காத்தன, உள்நோக்கத்தைக் காக்கவில்லை. இது தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தும் என்றாலும் பாலாற்றங்கரைத் தோல் நகரங்களில்தான் அதன் இழப்பு துல்லியமாகத் தெரிகிறது. நான்கு துறைகளையும் ஒருசேரக் கேட்கும் ஊர்கள் இவை.

தோல் பணமும் பள்ளிக்கூடமும்

இவ்வட்டாரத்தில் ஆங்கில வழிக் கல்வி இரண்டு வாசல்களின் வழியே நுழைந்தது. ஒன்று மிஷனரிகளின் வாசல். 1853இல் அமைந்த ஆற்காடு மிஷனின் பள்ளிப் பணியிலிருந்து வளர்ந்து 1898இல் கல்லூரியானது வேலூர் ஊரிசு. மற்றொன்று தோல் வணிகர்களின் கொடை. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாம் 1924இல் எழுந்தது. அதை நிறுவிய காக்கா முகமது உமர் தோல் வணிகர். மேல்விஷாரத்தின் சி. அப்துல் ஹக்கீம் தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வழங்கியவர். அவர் பெயரில் 1965இல் அங்கே கல்லூரி வந்தது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலின் வருமானம் கரும்பலகையாக மாறிய வரலாறு இது. உள்ளூர்த் தொழிலுக்கும் பள்ளிக்கும் இவ்வளவு நேரடியான உறவு தமிழகத்தில் வெகு சில இடங்களிலேயே உண்டு.

ஆனால் அந்த வகுப்பறைகளில் உள்ளூருக்கு இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனும், 1911இல் சென்னை மாகாணத்தில் அறிமுகமான எஸ்.எஸ்.எல்.சி.யும் வரலாற்றையும் புவியியலையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. நான்காம் ஃபாரத்திலிருந்து ஆறாம் ஃபாரம் வரை, அதாவது இன்றைய ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை, பையன்கள் இங்கிலாந்தின் அரசர்களையும் இந்தியாவின் வைஸ்ராய்களையும் வரிசைப்படுத்தினார்கள். பாதி பதனிட்ட தோல் வாணியம்பாடியிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோல் மண்டிக்காரர் வீட்டுப் பையனுக்கு லண்டன் இருவழிகளில் தெரியும்: பாடநூலில் ஓர் அரியணையாக, அப்பாவின் கணக்குப் பேரேட்டில் ஒரு விலையாக. இந்த இரண்டையும் இணைத்துக் கேட்கும் கேள்வியை அந்தக் காலத் தேர்வுமுறை எதிர்பார்க்கவில்லை.

ஊரிசில் படித்தவர் எஸ். ராதாகிருஷ்ணன். அவர் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49) உயர்கல்வியை ஆராய வந்து, இடைநிலைக் கல்விதான் நம் கல்வி அமைப்பின் நலிந்த கண்ணி என்று சொல்லிச் சென்றது. அந்தக் கண்ணியைச் செப்பனிட 1952இல் இன்னொரு குழு அமைந்தது.

1953: ஒரே ஆண்டில் இரண்டு திட்டங்கள்

அதுதான் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு. 1953இல் அது அளித்த அறிக்கை, வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் எல்லாம் ஒரே முழுமையாக, மாணவன் வாழும் சமூகத்தைப் புரிந்துகொள்ள உதவும் மையப் பாடமாக இருக்க வேண்டும் என்றது. இந்தச் சிந்தனையின் வேர் அமெரிக்காவில். 1916இல் அங்கே தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று, தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் தலைமையில், மாணவர்கள் தம் சொந்த ஊரின் சுகாதாரம், தொழில், நிர்வாகம் ஆகியவற்றிலிருந்தே சமூகக் கல்வியைத் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. முதலியார் குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸும் அட்லாண்டாவிலிருந்து வந்தவர்தான்.

இந்தக் கருத்துக்கு ஒரு நிழலும் உண்டு. ஜோன்ஸ் முன்பு ஆசிரியராக இருந்தது ஹாம்ப்டன் கல்விநிலையத்தில். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் செவ்விந்தியருக்கும் நடத்தப்பட்ட அந்த நிலையத்தில், சமூகக் கல்வி என்பது இருக்கும் இடத்தோடு பொருந்தி வாழப் பழக்குவதாக இருந்தது என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் குறை கண்டிருக்கிறார்கள். ஊரைப் படிப்பது ஊரைக் கேள்வி கேட்பதாகவும் ஆகலாம். ஊர் ஒதுக்கிய இடத்தில் அடங்கியிருப்பதாகவும் ஆகலாம்.

இந்த இரட்டைத் தன்மை சென்னை மாநிலத்தில் அதே 1953இல் வெளிப்பட்டது. ராஜாஜியின் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். தோல் வட்டாரத்தின் கண்ணால் பார்த்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் உடனே விளங்கும். சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தந்தையின் தொழில் என்பது அதே குழிதான். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது இந்த வட்டாரத்துக் குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாக. அவர் காலத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, பள்ளிகள் பெருகின, கட்டணமில்லாக் கல்வி உயர்நிலைப் பள்ளி வரை விரிந்தது.

தந்தையின் தொழிலைச் செய் என்றது ஒரு திட்டம். அதை ஆராய்ந்து அறி என்றது மற்றொன்று. முதலாவது தோற்றது நியாயம். ஆனால் அது விட்டுச்சென்ற அச்சம் இரண்டாவதையும் தொட்டுவிட்டது என்பது என் வாசிப்பு. உள்ளூர்த் தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே சாதியைக் கொண்டுவருவதாகத் தோன்றிய சூழலில், பாடநூல்கள் தொலைவான, பொதுவான செய்திகளுக்குள் ஒதுங்கிக்கொண்டன. அந்த ஒதுங்கலை எளிதில் பழிக்க முடியாது. உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி இந்த ஊர்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

மேல்நிலையும் குரூப்பும்

1964–66இன் கோத்தாரிக் குழு உயர்வகுப்புகளில் தனித்தனித் துறைகளின் பக்கம் சாய்ந்தது. அதன் வழிவந்த 10+2 முறையை 1978இல் தமிழ்நாடு ஏற்றபோது பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. பத்தாண்டாகச் சுருங்கியது. கல்லூரிகளில் இருந்த பி.யூ.சி. போய், பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்தன. சமூக அறிவியல் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதற்குமேல் படிக்க விரும்புபவர் குரூப் எனப்படும் பாடப் பிரிவு ஒன்றை எடுக்க வேண்டும்.

இங்கே தொழிலின் போக்கும் பாடத்தின் போக்கும் சந்திக்கின்றன. 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் முளைத்தன. மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். ஏற்றுமதி அலுவலகங்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஆகவே இங்கே ஆர்ட்ஸ் குரூப் என்றால் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் சேர்ந்த பிரிவே முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் வரலாறு கணக்குப் பதிவியலுக்குத் துணையாக வரும் பாடம். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் சேர்ந்த கலைப் பிரிவுக்கு ஆசிரியர் பணியிடமும் மாணவர் எண்ணிக்கையும் சேர்ந்து அமைய வேண்டும். புவியியலுக்கு ஆய்வகமும் வேண்டும். பாலாற்றின் நிலத்தடி நீரைப் பற்றிச் சிந்திக்கப் பழக்கும் பாடம் பதினைந்து வயதோடு நின்றுவிடும் மாணவர்களே மிகுதி என்பதை இந்த அமைப்பே உறுதி செய்கிறது.

மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் தனித்தாள்களாக இருந்தன. அரசுப் பாடத்திட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு தாள். 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 ஆகஸ்ட் 9 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மெட்ரிகுலேஷன், ஓரியண்டல், ஆங்கிலோ-இந்தியன், அரசு என்ற நான்கு வாரியங்களையும் சமச்சீர்க் கல்வியின் கீழ் கொண்டுவந்தன. சமத்துவத்தின் கணக்கில் இது பெரிய அடி. ஷூ கம்பெனி முதலாளியின் மகளும் அங்கே தைக்கும் பெண்ணின் மகளும் வேறு வேறு பள்ளிகளில் இருந்தாலும் ஒரே சமூக அறிவியல் நூலைப் படிக்கும் நிலை அப்போதுதான் வந்தது.

நீதிமன்றம் எழுதிய பாடம்

தோல் வட்டாரத்தின் மிகச் சிறந்த சமூக அறிவியல் பாடம் பாடநூல் கழகத்திலிருந்து வரவில்லை. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுநீருக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுத் தொடுத்தது. அதே 1991 நவம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வேறொரு வழக்கில், சுற்றுச்சூழல் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்று கல்வியைப் பற்றியது, மற்றொன்று வேலூரைப் பற்றியது. இரண்டும் ஒரே வகுப்பறையில் சந்தித்திருக்க வேண்டியவை.

வேலூர் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாததாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பை அது பதிவு செய்தது. ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது; மாசுபடுத்தியவரே இழப்பீட்டுக்கும் மீட்புக்கும் பொறுப்பு, தீங்கு நேருமுன் தடுப்பது அரசின் கடமை என்ற நெறிகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இன்று நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டம் முடியாது.

அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆறும் கிணறும் மண்ணும் வருகின்றன: புவியியல். அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழில் என்பதை நீதிமன்றம் மறுக்காமல் எடைபோடுகிறது: பொருளியல். அரசியலமைப்பின் 21, 47, 48ஏ, 51ஏ(ஜி) கூறுகள் மேற்கோளாகின்றன: குடிமையியல். பட்டையில் பதனிட்ட பழைய முறை போய் குரோமியம் வந்த கதை அதன் பின்னணி: வரலாறு. முதலியார் குழு கனவு கண்ட ஒருங்கிணைந்த பாடம் இதைவிட வேறு எப்படி இருக்கும்? டேனரி மூடினால் வேலை போகும், திறந்திருந்தால் கிணறு போகும் என்ற இக்கட்டு ஆம்பூர்ப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு. அதற்குத் தெளிவான மொழியையும் சான்றுகளையும் தருவதே இந்தப் பாடத்தின் வேலை.

1806 பாடத்திலும் இப்படியொரு வாய்ப்பு இருக்கிறது. புதிய தலைப்பாகையில் பொருத்தப்பட்டிருந்த தோல் குஞ்சம் சிப்பாய்களைப் புண்படுத்தியது. சாதிக் குறிகளையும் தாடியையும் கிழக்கிந்தியக் கம்பெனி தடை செய்ததால் இந்து, முஸ்லிம் வீரர்கள் இரு தரப்பும் கொதித்தனர். இதைத் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் மட்டுமல்ல, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழியிலும் மாணவர்கள் படிக்கிறார்கள். தோல் ஏன் ஒருவருக்குத் தீட்டாகவும் இன்னொருவருக்குச் சோறாகவும் இருந்தது என்ற கேள்வியை எழுப்ப இதைவிடப் பொருத்தமான பக்கம் நூலில் இல்லை. 1953இன் அச்சத்தைத் தாண்டும் வழியும் இதுவே: தொழிலைப் பிள்ளையின் சாதி அடையாளமாகப் பார்க்காமல், ஒரு சமூகம் உழைப்பை எப்படிப் பங்கிட்டது என்ற வரலாறாகக் கற்பிப்பது.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, வட்டார அறிவைச் சமூக அறிவியலோடு இணைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2018–19 பாடத்திட்டம் படங்களாலும் வரைபடங்களாலும் செறிந்து, தொழில்துறைத் தொகுப்புகளுக்கே ஒரு பாடம் ஒதுக்கியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் என்னும்போது வேலூருக்குக் கிடைப்பது சில பத்திகளே. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின; தோல் வட்டாரம் இப்போது மூன்று மாவட்டக் கல்வி அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்கி, இழப்பீட்டையும் மீட்பையும் கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்த மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு துணைநூல் கொண்டுவரலாம். தமிழிலும் உருதுவிலும், 1996, 2025 தீர்ப்புகளின் சுருக்கம், பாலாற்றுப் படுகையின் கிணற்று வரைபடம், பட்டையிலிருந்து குரோமியத்துக்கு வந்த மாற்றத்தின் கதை, தைக்கும் பெண்களின் கூலிச் சீட்டை எப்படி வாசிப்பது என்பது வரை அதில் இடம்பெறலாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பருவம் போதும். எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலுமே இருக்கிறார்கள்.