கையொப்பமும் கைகோர்ப்பும்

உலகின் வறுமையைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் நம்மிடையே ஒரு வினா தவறாமல் எழுகிறது. அரசுகளாலும் வங்கிகளாலும் அவிழ்க்க இயலாத முடிச்சை எளியோராகிய நாம் எங்ஙனம் அவிழ்ப்பது? காணிக்கைத் தட்டில் ஒரு நோட்டை இட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று அமைவதன்றி நமக்கு வேறு வழி உண்டோ? இவ்வினாவுக்கு விடையை வாதங்களில் தேடுவதினும் வரலாற்றில் தேடுவதே நலம். இருபதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் எழுந்த 'யூபிலி 2000' என்னும் இயக்கத்தின் கதை இங்கே நமக்குத் துணை நிற்கிறது.

கடன் என்றால் என்னவென்று நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அசலுக்கு மேல் கட்டிய பின்னும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருப்பதை நம் சிற்றூர்கள் கண்டிருக்கின்றன. ஏழை நாடுகளின் கதையும் ஏறத்தாழ அதுவே. 1973-74இல் பெட்ரோலிய எண்ணெயின் விலை நான்கு மடங்காயிற்று. எண்ணெய் விற்ற நாடுகள் ஈட்டிய டாலர்கள் மேலைநாட்டு வங்கிகளில் குவிந்தன. பணத்தை முடக்கி வைக்க விரும்பாத வங்கிகள் இலத்தீன் அமெரிக்க நாடுகளைத் தேடிச் சென்று கடன் கொடுத்தன. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பெரும்பாலும் செல்வ நாட்டு அரசுகளும் உலக வங்கி போன்ற நிறுவனங்களும் கொடுத்தன. கொடுத்த கை, வாங்கிய கை எத்தகையது என்று பார்க்கவில்லை. 1965 முதல் 1997 வரை ஸயர் நாட்டை ஆண்ட மொபுட்டு போன்ற கொடுங்கோலரும் தாராளமாகக் கடன் பெற்றனர்.

1979க்குப் பின் அமெரிக்கா, தன் நாட்டு விலைவாசியை அடக்குவதற்காக வட்டி விகிதத்தை உயர்த்தியது. காப்பி, செம்பு முதலிய ஏற்றுமதிப் பொருள்களின் விலையோ சரிந்தது. வருவாய் குறைய, வட்டி ஏறியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைக் கட்ட இயலாது என அறிவித்தது. பிற நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. மீட்க வந்த பன்னாட்டு நிதியம், செலவைக் குறைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்நிபந்தனையின் சுமை இறங்கியது எவர் தோளில்? பள்ளிக்குக் கட்டணம் வந்தது. மருத்துவமனை வாயிலில் கட்டணம் வந்தது. கடன் வாங்கிய நாளில் பிறந்தேயிராத குழந்தைகள் அதனை அடைக்கலாயினர். நம் குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் கடனைக் கட்ட வேண்டுமா என்று டான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நியரேரே உலகை நோக்கிக் கேட்டார்.

இந்நிலையில்தான் ஒரு பழைய நூலின் பக்கம் புரட்டப்பட்டது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த மார்ட்டின் டென்ட் என்பவர், லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைக் கடன் சிக்கலோடு இணைத்துப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, இழந்த நிலத்தை உரிய குடும்பத்துக்கே மீட்டுத்தரும் யூபிலி ஆண்டு அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைமுறையின் வீழ்ச்சி அடுத்த தலைமுறையின் நிரந்தர விலங்காகிவிடக் கூடாது என்பதே அவ்விதியின் உட்பொருள். ஓய்வுபெற்ற தூதரக அதிகாரியான பில் பீட்டர்ஸ் அவருடன் சேர்ந்தார். இரண்டாயிரமாவது ஆண்டைக் கெடுவாக வைத்து, கட்ட இயலாத ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோருவது என்று முடிவாயிற்று. பின்னர் ஆன் பெட்டிஃபர் என்னும் பெண்மணியின் தலைமையில் அது பேரியக்கமாக வளர்ந்தது.

திருச்சபையின் குரலும் அதற்கு முன்னரே எழுந்திருந்தது. 1986இல் நீதி அமைதிக்கான திருப்பீட ஆணைக்குழு பன்னாட்டுக் கடனின் அறநெறி குறித்து ஓர் ஆவணம் வெளியிட்டது. 1994 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், யூபிலி ஆண்டுக்கு ஆயத்தம் செய்யும் தம் திருத்தூது மடலில், ஏழை நாடுகளின் கடனை முற்றிலும் நீக்கவோ பெருமளவு குறைக்கவோ இதுவே தக்க தருணம் என்று எழுதினார்.

எனினும் ஆவணங்கள் மட்டும் அமைச்சர்களை அசைப்பதில்லை. அசைத்தவர்கள் எளிய மக்கள். பங்குகளிலும் பெண்கள் சங்கங்களிலும் தொழிற்சங்கங்களிலும் கூடியவர்கள், வட்டிக் கணக்கை முதலில் தாம் புரிந்துகொண்டனர். பின்னர் அண்டை வீட்டாருக்கு விளக்கினர். பிரிட்டனின் நிதியமைச்சகத்தில் அஞ்சலட்டைகள் குவிந்தன. 1998 மே 16ஆம் நாள், எட்டு வல்லரசுகளின் தலைவர்கள் பர்மிங்காம் நகரில் கூடியபோது, ஏறத்தாழ 70,000 பேர் அந்நகரில் கைகோர்த்து மனிதச் சங்கிலியாய் நின்றனர். தலைவர்களோ அன்று ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குச் சென்றுவிட்டனர். ஆயினும் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் நகருக்குத் திரும்பிவந்து இயக்கத்தாரைச் சந்திக்க வேண்டியதாயிற்று.

அன்று உறுதியான முடிவு எதுவும் பிறக்கவில்லை, மக்களும் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கூடிய மாநாட்டில் 1 கோடியே 70 லட்சம் கையொப்பங்கள் அளிக்கப்பட்டன. அவற்றுள் கடன்பட்ட பெரு நாட்டின் லட்சக்கணக்கான மக்களின் கையொப்பங்களும் உண்டு. 1996இல் தொடங்கி ஆமை வேகத்தில் நடந்துவந்த, பெருங்கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான திட்டம் கொலோனில் விரிவாக்கப்பட்டது. 2005இல் மேலும் ஒரு தள்ளுபடித் திட்டம் வந்தது. இவற்றின் வழியே இதுவரை 37 நாடுகள் கடன் நிவாரணம் பெற்றுள்ளன. அவற்றுள் 31 நாடுகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. டான்சானியா 2001இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. ஜாம்பியா 2006இல் சிற்றூர் மருத்துவமனைகளில் கட்டணத்தை ஒழித்தது.

"தள்ளுபடி செய்த பணத்தை ஆள்வோர் விழுங்கிவிட்டால்?" என்று ஐயுற்றோர் இருந்தனர். அவ்வையம் பொருளற்றதன்று. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்தது என ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அதன்பின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகை செய்தித்தாள்களில் அச்சிடப்பட்டது. பள்ளிச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. தொகையை அறிந்த பெற்றோர் கேள்வி கேட்கத் தொடங்கினர். 2001இல் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்ச் சேர்ந்தது. பர்மிங்காமில் கைகோர்த்தவரும், உகாண்டாவின் பள்ளிச் சுவரில் கணக்கைப் படித்த தந்தையும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவரும் செய்தது ஒரே பணி. முன்னவர் கடனைத் தள்ளச் செய்தார். பின்னவர் பொதுப்பணம் குழந்தைக்குப் போய்ச் சேரச் செய்தார். இவ்விரண்டில் ஒன்று குறையினும் மற்றது வீணே.

இக்கதை மகிழ்ச்சியோடு முடிந்துவிட்டது என்று நாம் எழுதிவிட இயலாது. ஜாம்பியாவின் பழைய கடன் ஒன்றை ஏறத்தாழ 33 லட்சம் டாலருக்கு வாங்கிய தனியார் நிறுவனம், ஐந்தரைக் கோடி டாலர் கேட்டு இலண்டனில் வழக்காடியது. 2007இல் அதற்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பாயிற்று. பிணத்தைச் சுற்றும் கழுகுகளை ஒத்த இத்தகு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், இயக்கத்தார் விடாது வலியுறுத்தியதன் விளைவாக, 2010இல் பிரிட்டனில் நிறைவேறியது. ஆனால் அதே ஜாம்பியா, பத்திரச் சந்தையிலும் சீனாவிடமும் புதுக் கடன் பெற்று, 2020 நவம்பரில் மீண்டும் தவணை தவறியது. 2022 ஏப்ரலில் நம் அண்டை நாடான இலங்கை கடனடைப்பை நிறுத்தியபோது, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றவர்களுள் நம் தமிழ் மக்களும் இருந்தனர். கல்விக்கோ நலவாழ்வுக்கோ செலவிடுவதினும் வட்டிக்கே மிகுதியாகச் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கின்றனர் என 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், 2025ஆம் ஆண்டின் யூபிலியை அறிவித்த ஆணை மடலில், கடன் நீக்கத்தைச் செல்வ நாடுகளிடம் மீண்டும் கோரினார்.

அப்படியாயின் அன்று கைகோர்த்தவர்களின் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. கட்டணமின்றிப் பள்ளிக்குச் சென்று எழுதப் படிக்கக் கற்ற குழந்தையிடமிருந்து அக்கல்வியை எந்தக் கடன்காரரும் பறித்துவிட முடியாது. விதிகள் மாறாத இடத்தில் கடன் மீண்டும் முளைக்கும் என்பதும், ஒரு தலைமுறை செய்த பணியை அடுத்த தலைமுறையும் செய்தாக வேண்டும் என்பதுமே நாம் பெறும் பாடம். யூபிலி ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்று விதித்தவர்கள், மனிதரின் பேராசை ஒரே நாளில் மாயாது என்பதை அறிந்தே விதித்தனர் போலும்.

நம் கையில் செல்வம் இல்லாதிருக்கலாம். ஆனால் கேட்டறியும் செவியும், கேள்வி கேட்கும் நாவும், பெயரெழுதும் கையும் நமக்கு உண்டு. நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலையேனும் இக்கடன் கணக்கைப் பேசுவோம். ஊராட்சியின் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போது எழுந்து போய்விடாமல் அமர்ந்து கேட்போம். தொலைவில் உள்ள ஏழைக்கு நீதி கேட்கும் விண்ணப்பம் நம்மிடம் வரும்போது, படித்து, புரிந்து, கையொப்பமிடுவோம். தர்மம் செய்யும் கை உயர்ந்ததே. தர்மம் தேவைப்படாத நிலையை உண்டாக்க முயலும் கை அதனினும் உயர்ந்தது.