சுடுகாட்டு மல்லி போன தூரம்

பரளச்சிப் பக்கம் வீட்டு வாசலில் நின்றால் அது நித்தியகல்யாணி. ஊருக்கு வெளியே நின்றால் அதே செடி சுடுகாட்டு மல்லி. இலை அவ்வளவு கசப்பு; ஆடு வாய் வைக்காது. மழை பொய்த்த வருஷத்திலும் ஐந்து இதழ் விரித்துப் பூக்கும்.

பூர்வீகம் மடகாஸ்கர். கடல் தாண்டி வந்த செடிக்கு நம் வானம் பார்த்த பூமி ஒத்துப்போனது. விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் மானாவாரியாக விதைக்கிறார்கள். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பு. வருஷக் கடைசியில் வேரைத் தோண்டுவார்கள். நிழலில் உலர்ந்த இலை மூட்டை மூட்டையாக மருந்து ஆலைக்குப் போகும்.

இதன் அருமை தெரிந்தது தற்செயலாகத்தான். 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் 25 இலைகள் கனடாவுக்குப் போயின, சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்க்க. அங்கே ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவில்லை; வெள்ளணுக்கள் இறங்கின. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அவரும் உடன் ஆய்ந்த சார்லஸ் பீரும் 1958-இல் அந்த இலையிலிருந்து எடுத்த வின்பிளாஸ்டின் மருந்தை அறிவித்தார்கள். அடுத்து எலி லில்லி நிறுவனம் அதே இலையில் வின்கிரிஸ்டினைக் கண்டது. அதை 1963-இல் அமெரிக்கா அனுமதித்தது.

ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஒரு தடவை ஏறுவதோ அதிகபட்சம் 2 மில்லிகிராம். நிறமில்லாத அந்த மருந்து ரத்தக் குழாய் வழியாக மட்டுமே போகவேண்டும். தண்டுவடத்தில் தவறி ஏற்றினால் உயிரைப் பறிக்கும். செல் இரண்டாகப் பிரியத் தேவையான நூலிழைகளை அது சேரவிடாது. பெருகும் செல் அங்கேயே மடியும்.

பிரியாமல் உறங்கும் சில செல்கள் தப்பிவிடும். நோய் திரும்புவது அவற்றால்தான் என்று கருதுகிறார்கள். அந்தச் செல்களுக்கு உள்ளே ஆற்றல் தரும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. இன்றைய ஆய்வு அந்த அடுப்பைக் குறிவைக்கிறது. பெரியவர்களுக்கு 2016-இல் வந்த வெனிட்டோகிளாக்ஸ், மைட்டோகாண்ட்ரியாவுக்குக் காவல் நிற்கும் பிசிஎல்-2 புரதத்தை முடக்குகிறது. குழந்தைகளுக்கும் அதைச் சோதித்து வருகிறார்கள்.

ஆனால் பழைய மருந்துகள் இன்னும் ஓயவில்லை. வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் நிணநீர்வகை ரத்தப் புற்றுநோயில் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் நம் காட்டுச் செடியின் சத்தும் இருக்கிறது.

இலையைக் கஷாயம் வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம். காய்ச்சல் விடாமல் அடித்தால், முகம் வெளிறினால், அடிபடாமலே உடம்பு கன்றினால், உடனே ரத்தம் சோதித்துப் பாருங்கள். சிகிச்சை தொடங்கினால் பாதியில் நிறுத்தாதீர்கள்.