காஞ்சிபுரம் இட்லி: மிளகு, சீரகம் தாளித்தால் மட்டும் போதுமா? கோயில் இட்லியை வீட்டிலேயே செய்வது எப்படி?

பட்டுப்புடவை எடுக்கவோ, கோயில் தரிசனத்துக்கோ காஞ்சிபுரம் போய் வருபவர்கள் பலரும் தேடிப் பிடித்துச் சாப்பிடுவது காஞ்சிபுரம் இட்லி. ஊர் திரும்பியதும் வீட்டில் செய்து பார்ப்பார்கள். கடையில் மாவு பாக்கெட் வாங்கி, மிளகு, சீரகம் தாளித்துக் கொட்டி வேகவைத்தால் வருவது மிளகு போட்ட சாதா இட்லிதான். "அதே மிளகு, அதே நெய்தானே போட்டோம், அந்த ருசி ஏன் வரல?" என்ற கேள்விக்கான பதில் தாளிப்பில் இல்லை, மாவில் இருக்கிறது.

கோயில் இட்லி என்பது என்ன?

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் வரதராஜப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 2019-ல் 48 நாட்கள் அத்தி வரதர் தரிசனம் நடந்ததும் இங்கேதான். இந்தக் கோயிலின் மடப்பள்ளியில் பெருமாளுக்கு நைவேத்தியமாகத் தயாராகும் இட்லிதான் காஞ்சிபுரம் இட்லிக்கு மூலம்.

இது தட்டில் வார்க்கும் இட்லி இல்லை. நீளமான மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி அடுக்கி, அதற்குள் மாவை ஊற்றி வேகவைப்பார்கள். அதனால் இதற்குக் 'குடலை இட்லி' என்றும் பெயர் உண்டு. உயரமாக இருப்பதால் நடுப்பகுதி வேக மணிக்கணக்கில் ஆவி தேவை. வெந்ததும் துண்டு போட்டுத் தருவார்கள்.

சாதா இட்லிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உளுந்து: வீட்டு இட்லிக்கு 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போடுவது வழக்கம். கோயில் முறையில் பச்சரிசியும் உளுந்தும் ஏறக்குறைய சம அளவு. அரிசியைவிட உளுந்து விலை அதிகம். உளுந்தைக் குறைத்துவிட்டு தாளிப்பைக் கூட்டினால் பெயர் மட்டுமே மிஞ்சும்.

அரைக்கும் பதம்: மாவு ரவை போல கொரகொரப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் உயரமான இட்லிக்குள் ஆவி இறங்கும். நைசாக அரைத்த பாக்கெட் மாவை டம்ளரில் ஊற்றினால் நடுவில் களி மாதிரி நின்றுவிடும்.

வாசனை: மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். இவை மாவோடு கலந்து வேகும். அதனால்தான் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலே இதைச் சாப்பிட முடிகிறது. கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி, கேரட் எல்லாம் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் சேர்ந்தவை.

வீட்டில் செய்யத் தேவையானவை (4 முதல் 5 பேருக்கு)

பச்சரிசி - 1 கப்
இட்லி அரிசி - 1 கப்
முழு வெள்ளை உளுந்து - 1 கப்
வெந்தயம் - 1 டீஸ்பூன்
மிளகு, சீரகம் - தலா ஒன்றரை டீஸ்பூன்
சுக்குப் பொடி - அரை டீஸ்பூன்
பெருங்காயத் தூள் - கால் டீஸ்பூன்
நெய் - 2 டேபிள்ஸ்பூன்
நல்லெண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன்
கறிவேப்பிலை, உப்பு - தேவைக்கு

சம அளவு உளுந்து போட்டால் முதல் முறை செய்பவர்களுக்குப் பதம் தவறிப் பிசுபிசுப்பாக வாய்ப்பு உண்டு. அதனால்தான் இங்கே 2 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து. கை பழகிய பிறகு உளுந்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

செய்முறை

1. அரிசி இரண்டையும் ஒன்றாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாகவும் 4 மணி நேரம் ஊறவையுங்கள்.

2. உளுந்தைப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டாம், லேசான கொரகொரப்போடு எடுத்துவிடுங்கள். அரிசியை ரவை பதத்தில் அரையுங்கள். தண்ணீர் குறைவாகவே விடுங்கள். மாவு கெட்டியாக இருக்க வேண்டும்.

3. உப்பு சேர்த்துக் கையால் கலந்து மூடி வையுங்கள். வெயில் காலத்தில் 8 மணி நேரம் போதும், குளிர் காலத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். இதில் அவசரம் காட்டினால் இட்லி கல்லு மாதிரி ஆகிவிடும்.

4. வேகவைக்கும் முன், நெய்யும் நல்லெண்ணெயும் காயவைத்து, ஒன்றிரண்டாக இடித்த மிளகு, சீரகம், கறிவேப்பிலையைப் போட்டுப் பொரியவிடுங்கள். அடுப்பை அணைத்து, சுக்குப் பொடி, பெருங்காயம் சேர்த்து மாவில் கொட்டுங்கள். மாவு பொங்கியது அமுங்கிவிடாமல் மெதுவாகக் கிளறுங்கள்.

5. எவர்சில்வர் டம்ளரில் நெய் தடவி, முக்கால் அளவு மட்டும் ஊற்றுங்கள். மந்தாரை இலை கிடைத்தால் ஈரத் துணியால் துடைத்து உள்ளே சுற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் வாட்டிய வாழையிலை. மணம் வேறுபடும், ஆனால் ஒட்டாமல் எடுக்க வரும்.

6. சிறிய டம்ளருக்கு 20 நிமிடம், அகலமான பாத்திரத்துக்கு 40 நிமிடம் வரை ஆவியில் வேகட்டும். நடுவில் ஒரு குச்சியை அடிவரை குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. 10 நிமிடம் ஆறவிட்டு எடுங்கள், சூட்டோடு கவிழ்த்தால் உடையும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பாதியில் தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி நடுப்பகுதி வேகாமல் போகும். அடிக்கடி மூடியைத் திறப்பதும் அதே மாதிரிதான்.

எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

தேங்காய், வெங்காயம் சேராததால் காலையில் செய்தது மாலை வரை தாங்கும். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவியில் சூடாக்கிக்கொள்வது நல்லது. பிட்டுப் பார்க்கும்போது நூல் மாதிரி இழுபட்டாலோ, வாடை மாறியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

தொட்டுக்கொள்ள என்ன?

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் நல்ல ஜோடி. தேங்காய்ச் சட்னியும் பொருந்தும். ஆனால் முதல் துண்டை எதுவும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். சுக்கும் மிளகும் நாக்கில் தெரிந்தால், மாவு சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

குடலையும், மடப்பள்ளி அடுப்பும், மணிக்கணக்கான ஆவியும் தரும் மணத்தை வீட்டு டம்ளர் முழுசாகக் கொண்டுவராது. ஆனால் உளுந்தின் அளவும் அரைக்கும் பதமும் சரியாக இருந்தால், அடுத்த முறை "அந்த ருசி ஏன் வரல?" என்று கேட்க வேண்டியிருக்காது.